படிக்கிற பிள்ளை என்ன சொன்னாள்?

“…அதெல்லாம் விளங்குது தங்கச்சி. உங்கட உம்மா என்ன சொன்னவ, சாச்சி என்ன சொன்னவ, நீங்க என்ன நினைக்கிறீங்க, ஒண்டு விடாமச் சொல்லிட்டீங்க. நான் கேக்கிறது வேற. படிக்கிற புள்ள என்ன சொன்னவ?”

என்னிடம் இப்படிக் கேட்டவர் கல்முனையில் ஓர் உயர்கல்வி நிலையத்தில் மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் மிஸ். கேட்டது போன வருடம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத் தொழுகையான லுஹருக்குச் சற்று முன்னர். அவருடைய மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, மழைக்காலத்து வாய்க்கால் மாதிரி நிற்காமல் கதைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கேள்வியோடு வாய் அடைத்துப்போனது. அப்படி அடைபடுகிற வாயில்லை அது. எங்கள் வளவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மருதமுனையில் வீட்டில் இருந்தே அபாயா தைத்துக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மனிதர்கள் வாயில் இருந்துதான். அளவு கொடுக்க வருகிற பெண்கள், சாமான் கொண்டுவருகிற ஆட்கள், யார் நல்லதாக ஒரு கதை சொன்னாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். “மீன் புதுசா காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டால், “மீன் இப்பத்தான் வந்திச்சி ராத்தா, நான்தான் பழசு” என்று சொல்கிற மீன்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருகிறார். அவர் வாயைக் கிண்டுவதற்காகவே சில நாள் மீன் வாங்கியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருத்தி வீட்டில் இருந்தால் என்ன நடக்கும்? மின்சாரசபைக்குக் கதைக்க வேண்டுமா, பள்ளிக்கூட அதிபரிடம் போக வேண்டுமா, கல்யாணப் பேச்சா, எல்லாவற்றுக்கும் “ராத்தாவ அனுப்பு” என்பார்கள். ராத்தா என்றால் அக்கா, நான்தான். நானும் சந்தோசமாகப் போவேன்.

அப்படித்தான் அன்றைக்கும் தங்கைக்காகக் கதைக்கப் போயிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடித்து வைப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனவே எனக்கும் தங்கைக்கும் ஒரே வளவில் வீடு. உம்மா தங்கையோடு இருக்கிறார். தங்கையின் மாப்பிள்ளை சம்மாந்துறைக்காரர். சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறார். அதிகம் பேசாத மனிதர். தங்கையும் அப்படித்தான். இரண்டு பேரும் கதைத்துக்கொள்வதைக் கேட்பதென்றால் சுவரில் காதை வைக்க வேண்டும் என்று நான் பகிடி பண்ணுவேன்.

தங்கை படித்தது உணவும் போஷாக்கும் பற்றிய படிப்பு. முதலில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்தாள். அங்கே படித்த பாடங்களில் சிலவற்றுக்கு இந்த நிலையத்தில் கிரெடிட் மாற்றிக் கொடுத்து, பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டப்படிப்பும் தனியே இளமாணி என்கிற முதல் பட்டம் மட்டுமல்ல. விரும்பினால் அப்படியே தொடர்ந்து அடுத்த பட்டமான முதுமாணியையும் சேர்த்து முடிக்கலாம். கடைசி வருடத்தில் முதுமாணிப் பாடங்கள் சிலதை முன்கூட்டியே படிக்கலாம். அந்தப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் சேரும். தங்கை அப்படியான பாடங்களை எடுத்து, நல்ல புள்ளியோடு சித்தியும் அடைந்திருந்தாள். வயிற்றில் பிள்ளையோடுதான் கடைசிப் பரீட்சை எழுதினாள்.

அதற்குப் பிறகு பிள்ளைப்பேறு. அது இலேசாக முடியவில்லை. ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தது. இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. ஆசுபத்திரி விறாந்தையில் உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நின்ற நிலையை நான் கண்ணால் கண்டவள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் மகளுமாக வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் அந்தப் பயம் உம்மாவை விட்டுப் போகவில்லை.

பிள்ளை பெற்றவள் வெளியே போகாமல் இருக்கிற நாற்பது நாள், அந்த நாற்பதுக்குள் இருந்த நேரத்தில்தான் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. மாதம் முடிவதற்குள் மாணவி ஆலோசகரைச் சந்தித்து ஒரு முடிவு சொல்ல வேண்டும். இளமாணியோடு நிறுத்திக்கொள்வதா, முதுமாணிக்குத் தொடர்வதா? ஒன்றும் சொல்லாவிட்டால் நிறுத்திக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்களாம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே வீட்டில் முடிவெடுத்துவிட்டோம். தங்கையின் கட்டிலைச் சுற்றி உம்மா, உம்மாவின் தங்கையான சாச்சி, நான். மாப்பிள்ளை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“புள்ளைக்கு இன்னும் தொப்புள் காயல்ல, அதுக்குள்ள படிப்பாம்” என்றார் உம்மா. “கம்பஸ் அங்கினதானே கிடக்கும். அதுக்கென்ன காலா முளைக்கப் போகுது?”

“ஒரு பட்டம் போதுங்கா” என்றார் சாச்சி. “ரெண்டு பட்டத்த வெச்சி ரெண்டு சோறா திங்கப் போறாள்?”

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சிரித்தேன். பிறகு நானும் என் பங்குக்கு, படிப்பு எங்கே போகும், உடம்புதான் முக்கியம், நாளைக்கே போய் நான் கதைத்து முடித்துவிட்டு வாறேன் என்றேன். தங்கை பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. வாசலில் நின்றவரும் சொல்லவில்லை. அத்தோடு எல்லோரும் எழும்பிச் சாப்பிடப் போய்விட்டோம்.

இதைத்தான் மறுநாள் மிஸ்ஸிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கொட்டன் சேலை, நெற்றியில் சின்னதாகப் பொட்டு, மூக்கில் இறங்கிய கண்ணாடி. நான் சொன்னதை எல்லாம் இடையில் மறிக்காமல் கேட்டார். பிறகுதான் அந்தக் கேள்வி.

“அவ ஒண்டும் சொல்லல்ல மிஸ்” என்றேன்.

“ஒண்டும் சொல்லாட்டி நிப்பாட்ட விருப்பம் எண்டு எப்படி எடுத்தீங்க?”

“எங்கட ஆக்கள்ள பொம்புளப்புள்ள பேசாம இருந்தா ஓம் எண்டுதான் மிஸ் அர்த்தம். கல்யாணம் கேக்கக்குள்ளயும் அப்படித்தானே. வெக்கத்துல பேசமாட்டாங்க. நாங்க விளங்கிக்கிறது.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அது கல்யாணத்துக்கு. வெக்கத்துல பேசாம இருக்கிறதும் இருக்கு, களைப்புல பேசாம இருக்கிறதும் இருக்கு. சொல்லி என்ன எண்டு பேசாம இருக்கிறதும் இருக்கு. உங்கட தங்கச்சிட எது?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “இப்ப நிப்பாட்டினா மறுகா, புள்ள வளர்ந்த பொறகு, வந்து படிக்கலாம்தானே மிஸ்?” என்று கதையை வேறு பக்கம் திருப்பினேன்.

“வரலாம். ஆனா துவக்கத்தில இருந்து வரணும்.” மிஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இளமாணியோடு நிறுத்தினால், இரண்டு பட்டத்துக்கும் பொதுவாக இருந்த பாடங்கள் இளமாணிக்குள்ளேயே பூட்டுப்பட்டுவிடுமாம். பிறகு அவற்றைக் கழற்றி முதுமாணிக்குச் சேர்க்க முடியாதாம். டிப்ளோமாவில் இருந்து மாற்றிக்கொண்டுவந்த கிரெடிட்டுகளுக்கும் காலக்கெடு இருக்கிறதாம்.

எனக்கு விளங்குகிற மாதிரி ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். “அப்ப பிரிஜ்ஜில வெச்ச பெருநாள் குர்பான் இறைச்சி மாதிரியா மிஸ்? ஒரு தரம் அறுத்தது. இண்டைக்கும் சமைக்கலாம், நாளைக்கும் சமைக்கலாம்.”

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். “ஓம், கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா பிரிஜ்ஜில வெச்சாலும் எத்தின நாளைக்கு வெப்பீங்க? அதத்தான் நான் சொல்றன்.”

அந்தச் சிரிப்போடு எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. “அப்ப போனில கேளுங்க மிஸ். அவ நாப்பதுக்குள்ள. ஆசுபத்திரிக்கெண்டாத் தவிர உம்மா வாசல் தாண்ட விடமாட்டா” என்று தங்கைக்கு அழைத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

மிஸ் சுகம் விசாரித்தார். பிள்ளை இரவில் தூங்குகிறதா என்று கேட்டார். பிறகு, “மகள், படிப்பப் பத்தி நீங்க என்ன யோசிச்சி வெச்சிருக்கீங்க?” என்றார்.

தொலைபேசிக்குள்ளே பிள்ளை சிணுங்குவது கேட்டது. அப்புறம் தூரத்தில் ஒரு குரல்: “ராத்தா சொல்றதுதான் எண்டு சொல்லு.”

“ராத்தா சொல்றதுதான் மிஸ்” என்றாள் தங்கை.

மிஸ் என்னைப் பார்த்தார். “பின்னால கதைக்கிறது ஆரு?”

“உம்மா” என்றேன். வெட்கமாகப் போய்விட்டது.

மிஸ்ஸுக்குக் கோபம் வரவில்லை. தங்கையிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு என்னிடம், “நீங்க மருதமுனை எண்டீங்க. நான் பாண்டிருப்பு. பக்கம்தானே, சனிக்கிழமை பின்னேரம் வீட்ட வாறன்” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழும்புகையில் இதையும் சொன்னார்: “நான் அவவ மாஸ்டர்ஸ் படிக்க வைக்க வாறனெண்டு நினைக்க வேணாம். நிப்பாட்ட விருப்பமெண்டா நானே நிப்பாட்டித் தருவன். அவட வாயால கேக்கத்தான் வாறன்.”

அந்த வேலை அவருடைய கடமைக்குள் இல்லை. மாதம் முடியும் வரை பேசாமல் இருந்திருந்தால் தங்கையின் விசயம் தானாகவே முடிந்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. பேசாவிட்டால் ஓம் என்று எடுக்கிற எங்கள் வீட்டுச் சட்டமும், பதில் வராவிட்டால் நிறுத்தியதாக எடுக்கிற அவர்கள் சட்டமும் ஒன்றுதான். இரண்டையும் ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் இந்த மிஸ்தான்.

சனிக்கிழமை வந்தது. உம்மாவுக்குக் காலையில் இருந்தே பதற்றம். படிப்பைப் பற்றியல்ல. “போஷாக்குப் படிப்பிக்கிற இடத்து ஆளாமே. புள்ளப் பெத்தவக்கு வெச்ச நம்மட சரக்குக்கறியப் பாத்து என்ன சொல்லப் போறாவோ, அத அங்கால மூடி வைங்கா” என்று சட்டியை மறைப்பதில் நின்றார். தங்கை அதைக் கேட்டுச் சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

மிஸ் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வந்ததும் பிள்ளையைத் தூக்க ஓடவில்லை. “கை எங்க கழுவலாம் அக்கா?” என்று உம்மாவிடம் கேட்டார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தொட்டார். உம்மா என் காதுக்குள், “மாஷா அல்லாஹ், நல்ல வளர்ப்பு” என்றார். அடுத்த பத்து வார்த்தைக்குள் சரக்குக்கறிச் சட்டி தானாகவே மேசைக்கு வந்துவிட்டது. மிஸ் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, என்னென்ன சேர்த்து அரைக்கிறீர்கள் என்று கேட்டு, தன் அம்மா அரைப்பதில் ஓமம் கூடுதல் என்றார். உம்மாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகு கட்டில் அருகே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மிஸ் தங்கையைப் பார்த்துக் கேட்டார்: “இப்ப சொல்லுங்க மகள். உங்களுக்கு என்ன விருப்பம்?”

“அவக்கு என்ன விருப்பம் மிஸ், புள்ளைய வளர்த்தெடுத்தாப் போதும்” என்றார் உம்மா.

மிஸ் உம்மாவைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். பிறகு தங்கையிடம் திரும்பி அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

“அவ கொஞ்சம் வெக்கம் மிஸ். நான் சொல்றன், விசயம் என்னெண்டா” என்று நான் தொடங்கினேன்.

மேசையில் பெருநாளுக்குக் கிண்டிய தொதல் என்கிற இனிப்பு துண்டு போட்டு வைத்திருந்தது. மிஸ் அதில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இத நீங்க திண்டு பாருங்க தங்கச்சி” என்றார். நானும் வாயில் போட்டுக்கொண்டேன். எங்கள் உம்மா கிண்டுகிற தொதலைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். பல்லில் ஒட்டினால் கொஞ்ச நேரத்துக்குக் கதை இல்லை.

மிஸ்ஸும் கதைக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, அவசரம் ஒன்றும் இல்லாத ஒரு மனிதரைப் போல இருந்தார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பிள்ளை தூக்கத்தில் முனகியது. எங்கள் வீட்டுக்குள் கடல் இரைச்சல் கேட்கும் என்பதையே நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். அதற்கு முன் யாரும் கேட்கிற மாதிரி விட்டதில்லை. உம்மா இரண்டு தரம் வாயைத் திறந்து, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். எனக்கு யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்றிருந்தது.

“எனக்குப் படிக்கணும் மிஸ்.”

சத்தம் மிகவும் மெதுவாக இருந்தது. சொன்னவள் தங்கைதான் என்று விளங்குவதற்கே எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

ஆனால் தொடங்கிய பிறகு அவள் நிற்கவில்லை. “இப்ப ஏலாது. உடம்பு இன்னும் தேறல்ல. ஒரு செமஸ்டர் லீவு தாங்க. அதுக்குப் பொறகு ஒரேயடியா எடுக்காம, ரெண்டு ரெண்டு பாடமா எடுக்கிறன். சனி, ஞாயிறு வகுப்பு இரிக்கிற பாடமாப் பாத்து வெச்சிருக்கன். ஆராய்ச்சிய கடைசிக்குத் தள்ளலாமா எண்டு மட்டும் தெரியல்ல.”

எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள்! பால் கொடுத்துக்கொண்டு குனிந்தபடி இருந்த நேரமெல்லாம் அவள் தலைக்குள்ளே ஒரு நேர அட்டவணை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் தொதலை ஒருவாறு விழுங்கிவிட்டுக் கேட்டேன். “அண்டைக்கு ஏன்கா ஒண்டும் சொல்லல்ல?”

“நீங்க ஆரும் எனக்கிட்ட கேக்கல்லயே ராத்தா. சொல்லிட்டுத்தானே இருந்தீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அந்த நேரத்தில் வாசல் நிலைப்பக்கம் இருந்து ஒரு செருமல் கேட்டது. மாப்பிள்ளை. “நானும் ஓம் எண்டு சொல்லல்ல மாமி” என்றார்.

உம்மா திரும்பிப் பார்த்தார். “நீங்க ஏன் மனே சொல்லல்ல?”

“உங்கட வீட்டில நீங்க ஒரு முடிவெடுத்துக் கதைக்கக்குள்ள நான் எப்படி மாமி குறுக்க கதைக்கிற?” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வெள்ளாமை வெட்டி முடிஞ்சா நான் பகல்ல சும்மாதான் இரிக்கிற. புள்ளயப் பாத்துக்க எனக்கும் கை இரிக்கு.”

பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். அதையும் நாங்கள் ஓம் கணக்கில் சேர்த்திருக்கிறோம்! மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அப்ப இந்த வீட்டில ஓம் எண்டு சொன்னதெல்லாம் சொல்லாத ஆக்கள்தான்” என்றார்.

பிறகு வேலைக்கு வந்தார். இனிப்பாகக் கதைத்து ஏமாற்றவில்லை. மகப்பேற்றுக்காக லீவு கேட்கலாம், கேட்டால் நிலையத்தின் சபை பெரும்பாலும் இணங்கும், ஆனால் ஓம் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இரண்டு பட்டத்துக்கும் பொதுவான பாடங்களை அவள் தொடர்கிறவரை காப்பாற்றலாம். டிப்ளோமாவில் இருந்து மாற்றிவந்ததில் ஒரு பாடத்துக்கு மட்டும் லீவு முடிவதற்குள் காலம் கடந்துவிடும், அது தப்பாது. “எல்லாத்தையும் காப்பாத்தித் தாறன் எண்டு சொன்னா அது பொய் மகள். ஒண்டு போகும். அத மறுபடி படிக்க வேண்டி வரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“அத மறுகா படிக்கிறன் மிஸ். நான் மறந்து போன பாடம்தான் அது” என்றாள் தங்கை. எல்லோரும் சிரித்தோம்.

எல்லோரும் என்றால், உம்மாவைத் தவிர. உம்மா சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பேசாமல் குசினிக்குள் போனார்.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சபை லீவைக் கொடுத்தது. அந்த ஒரு பாடம் போனது போனதுதான். தங்கை அதை மறுபடி எழுதிச் சித்தியடைந்தாள். முதுமாணிப் பாடங்களை இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டு வருகிறாள். இன்னும் முடியவில்லை. சில கிழமைகளில், ஏன் தொடங்கினேன் என்று அவளே தலையில் கையை வைக்கிறாள். நான் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருப்பதற்குப் பழகி வருகிறேன். அது எனக்கு அபாயா தைக்கப் பழகியதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. வகுப்பு நாட்களில் பிள்ளையை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். மாப்பிள்ளைக்குக்கூடக் கொடுப்பதில்லை; உம்மாதான். “என்ட பேத்திட உம்மா படிக்கப் போயிருக்கா” என்று தெருவில் போகிறவர்களை மறித்துச் சொல்கிறார்.

இப்போதும் யாராவது ஒருவர் பேசாமல் இருப்பதைக் கண்டால், அவருக்காகக் கதைக்க என் நாக்கு துருதுருக்கும். அந்த நேரத்தில் எல்லாம் மிஸ் அன்றைக்குப் போகும்போது செய்த ஒரு காரியம்தான் கண்ணுக்குள் வந்து என்னை நிறுத்துகிறது.

தங்கையிடம் விடைபெற்று, செருப்பைப் போட்டு, ஹெல்மட்டையும் மாட்டிக்கொண்டு அவர் ஸ்கூட்டியில் ஏறப்போகும் நேரம். வழியனுப்ப வந்த நான் பெரிய ஆறுதலோடு சொன்னேன்: “உம்மா ஒண்டும் சொல்லல்ல மிஸ். அப்ப உம்மாவும் ஓம்தான்.”

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹெல்மட்டைக் கழற்றி ஸ்கூட்டிக் கண்ணாடியில் கொழுவினார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் திரும்பி நேரே குசினிக்குப் போனார். அங்கே உம்மா தனியே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டுக் குந்திய மிஸ், “அக்கா, நீங்க இன்னும் ஒண்டும் சொல்லல்லயே” என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.